வங்கி மின்னணு ஏலத்தில் வீடு வாங்குவது லாபமா?

கடன் நிலுவைக்காக சர்ஃபாசி சட்டத்தின் கீழ் கையகப்படுத்தப்பட்ட வீடுகளைப் பொதுத்துறை வங்கிகள் 'பேங்க்நெட்' இணையதளம் வழியாக ஏலம் விடுகின்றன. இவற்றின் குறைந்தபட்ச ஏலத்தொகை பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவு. எனினும், முழுப் பணமும் கையில் இல்லாதவர்களுக்கு இந்த ஏலம் ஆபத்தானது.

ஒரு வீட்டின் குறைந்தபட்ச ஏலத்தொகை ரூ.40 லட்சம் எனில், வழக்கமாக அதில் 10 சதவீதமான ரூ.4 லட்சத்தை முன்வைப்புத் தொகையாகச் செலுத்த வேண்டும். போட்டியில் விலை உயர்ந்து ரூ.48 லட்சத்துக்கு ஏலம் முடிந்தால், முன்வைப்புத் தொகை உட்பட 25 சதவீதத்தை, அதாவது ரூ.12 லட்சத்தை, அன்றோ அடுத்த வேலைநாளிலோ கட்டியாக வேண்டும். மீதி ரூ.36 லட்சத்துக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள்களே அவகாசம். வங்கி எழுத்துப்பூர்வமாக இசைந்தால் மட்டுமே அது நீளும்; அதுவும் அதிகபட்சம் 3 மாதங்கள். வீட்டுக்கடனை நம்பி ஏலம் கேட்பவர்கள் சறுக்குவது இங்கேதான். தவணை தவறினால் ரூ.12 லட்சம் முழுவதையும் வங்கி பறிமுதல் செய்யலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உறுதிசெய்தது.

சொத்து 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுவதால், பழைய பாக்கிகளும் வாங்குபவர் தலையில் விழக்கூடும். முந்தைய உரிமையாளரின் மின்கட்டண நிலுவையை, விதிமுறைகள் இடமளித்தால், புதியவரிடம் வசூலிக்கலாம் என்று 2023-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏல அறிவிப்பில் 'அடையாளச் சுவாதீனம்' என்றிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. வங்கியின் உரிமை அப்போது காகிதத்தில்தான். வீட்டில் பழைய உரிமையாளரோ வாடகைதாரரோ குடியிருக்கலாம். அவர்களை வெளியேற்ற மாவட்ட மாஜிஸ்திரேட்டின் உத்தரவுக்காகக் காத்திருக்கும் காலம் முழுவதும், வாங்கியவரின் பணம் முடங்கியே கிடக்கும்.