டிசைனருக்குக் கோடிங் தெரிய வேண்டுமா?

அன்று, 2005 வாக்கில், இணையப் பக்கம் வடிவமைக்கிறவரின் உலகம் ஃபோட்டோஷாப்புக்குள் அடங்கியது. பக்கத்தை ஒரே படமாக வரைவார். ஸ்லைஸ் கருவியால் துண்டு போட்டு டெவலப்பரிடம் கொடுப்பார். பொத்தானின் மூலை வளைய வேண்டுமென்றால், நாலு மூலைக்கும் நாலு குட்டிப் படங்கள். திரைகளில் பெரும்பாலானவை 1024-க்கு 768 புள்ளிகள் என்பதால், பக்கத்தின் அகலத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம்.

இரண்டு வேலையும் இரண்டு பேரிடம் இருப்பதே நல்லது என்பதற்கு வலுவான வாதமும் இருந்தது. விஷுவல் பேசிக் என்ற நிரல் மொழி உருவாகக் காரணமானவர்களில் ஒருவரான ஆலன் கூப்பரே 1999-இல் புத்தகம் எழுதி அதை முன்வைத்தார். நிரல் எழுதுகிறவர் தன் வசதியைத்தான் பார்ப்பார். பயன்படுத்துகிறவரின் வசதி அடிபட்டுப்போகும் என்றார்.

2007-இல் ஐபோன் வந்தது. பக்கத்தின் அகலத்தை இனி முன்கூட்டியே முடிவு செய்ய முடியவில்லை. 2010-இல் இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்காட், ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் தக்கபடி நெகிழ வேண்டும் என்று எழுதினார். அசையாத படத்தின் காலம் அதோடு முடிந்தது.

இன்று வளைந்த மூலைக்கு சிஎஸ்எஸ்-இல் ஒரே வரி போதும். ஃபிக்மாவில் வரைந்தது நெகிழ்ந்து காட்டுகிறது. ஏஐயிடம் சொன்னால் நிரலே வந்துவிடுகிறது. பிறகு எதற்குக் கோடிங்?

ஒரு பொத்தானைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'சேவ்' என்பதற்கு நான்கே எழுத்து. அதை வைத்து அகலத்தைப் பூட்டினால் 'சேமிக்கவும்' பாதியில் வெட்டுப்படும். வரி இடைவெளியைக் குறைத்தால் மேல்வரி 'மூ'வின் சுழியும் கீழ்வரி 'கி'யின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். அதே பொத்தானை 'பட்டன்' என்ற குறிச்சொல்லில் எழுதினால், டேப் விசை அதைத் தொடும். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் பொத்தான் என்று சொல்லும். வெறும் 'டிவ்' பெட்டியாக எழுதிவிட்டால், கூடுதல் ஏற்பாடு செய்யாதவரை இரண்டும் நடக்காது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஏஐ எதைக் கொடுத்தது என்று பார்க்கத் தெரிந்தவருக்கே வித்தியாசம் புலப்படும்.

கூப்பர் சொன்னது இன்றும் சரிதான்: பயனரின் பக்கம் நிற்க ஒருவர் வேண்டும். ஆனால் மரத்தின் ரேகை தெரியாத தச்சரால் நல்ல கதவு செய்ய முடியாது. டிசைனர் முழுச் செயலியையும் எழுத வேண்டியதில்லை. எழுதியதைப் படிக்கவும், சிறு மாதிரி ஒன்றைத் தானே இயக்கிப் பார்க்கவும் தெரிந்தாக வேண்டும்.

டிசைன் படிக்கும் தம்பி, தங்கைகளே, நீங்கள் வடிவமைத்த பக்கத்தை உலாவியில் திறந்து, மவுஸைத் தொடாமல், டேப் விசையால் மட்டும் ஒருமுறை கடந்து பாருங்கள். கற்க வேண்டியது அங்கே தெரியும்.