கார்பன் சட்டகமா, அலுமினியச் சட்டகமா?

பெங்களூருவில் உள்ள எங்கள் கிளைக்கு அண்மையில் வந்த வாடிக்கையாளர் ஒருவர், மின்மிதிவண்டி வாங்கத் தனிநபர் கடன் கேட்டார். ஐம்பது வயதைக் கடந்தவர். முழங்கால் வலியால், நண்பர்களுடன் நந்தி மலை ஏறுவதை நிறுத்தியிருந்தவர். அவர் பார்த்த இரு வண்டிகளில், அலுமினியக் கலவைச் சட்டகம் கொண்டதைவிடக் கார்பன் இழைச் சட்டகம் கொண்டது ரூ.1,00,000 கூடுதல். "மலையேற எடை குறைவாக இருக்க வேண்டாமா, சார்?" என்றார். அவருடன் அமர்ந்து கணக்குப் பார்த்தோம்.

கார்பனின் முதன்மைச் சிறப்பு எடைக்குறைவே. ஆனால், ஓட்டுநர் 70 கிலோ, வண்டி 15 கிலோ எனில், சட்டகத்தில் ஒரு கிலோ குறைந்தாலும் மொத்தச் சுமையில் அது ஏறத்தாழ 1.2 விழுக்காடே. எடை உறுத்துவது ஏற்றத்தில்; மோட்டார் கைகொடுப்பதும் அங்கேதான்.

கார்பன் சாலை அதிர்வைத் தணிக்கும் என்பதும் உண்மை. எனினும், சற்று அகலமான டயரும் அளவான காற்றழுத்தமும் அந்தச் சுகத்தில் பெரும்பங்கைக் குறைந்த செலவில் தந்துவிடும்.

வண்டி கீழே விழுந்தால் அலுமினியத்தில் நெளிவு கண்ணுக்குத் தெரியும். கார்பனிலோ உள்விரிசல் வெளியே தெரியாமலும் இருக்கலாம். தேர்ந்தவரிடம் சோதித்த பின்னரே ஓட்ட வேண்டும். திருகுகளை அளவுக்கு மீறி முடுக்கினாலும் கார்பன் பழுதாகும்.

இனிப் பணக்கணக்கு. கூடுதல் ரூ.1,00,000-ஐ 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.3,321, வட்டி மட்டும் சுமார் ரூ.19,570. மின்கலமும் காலப்போக்கில் திறன் இழக்கும்; ஒருநாள் மாற்றியே ஆக வேண்டும்.

வண்டியை நாள்தோறும் மாடிப்படிகளில் தூக்கிச் செல்பவருக்கும், மோட்டார் இன்றியே நெடுந்தொலைவு மிதிப்பவருக்கும் கார்பன் பொருந்தும். எங்கள் வாடிக்கையாளருக்கு வேண்டியதோ ஏற்றத்தில் ஒரு துணை. அவர் அலுமினியத்தையே தேர்ந்தார். கடன் தொகையும் குறைந்தது. மின்கலச் செலவுக்கெனச் சிறு தொகையில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றும் தொடங்கினார்.

எச்சட்டகமானாலும் ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள். சட்டக எண் குறித்த ரசீதையும் உத்தரவாத விதிகளையும் கேட்டுப் பெறுங்கள். மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்து, மத்திய மோட்டார் வாகன விதிகளின் பிற நிபந்தனைகளும் நிறைவேறினால், அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அதற்கான சான்றையும் விற்பனையாளரிடம் கேளுங்கள்.