காலையில் கம்ப்யூட்டர் கண் விழிக்கத் தாமதமா?



மீஞ்சூரில் எனது மொத்தக் கடை காலை 5 மணிக்குத் திறக்கும். கூனங்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம் முதலான பழவேற்காட்டுக் குப்பங்களில் மளிகைக் கடை நடத்துவோர் விடியும் முன்பே வந்துவிடுவார்கள். மீன் பிடித்த படகுகள் கரையேறும்போது அவர்கள் கடை திறந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களைக் கம்ப்யூட்டர் முன்னால் கால்கடுக்க நிற்க வைத்த குற்றம் என்னுடையது.

கடைக்குப் பின்கட்டுதான் வீடு. இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர். பகலில் பில், இரவில் பேரப்பிள்ளைகளின் பாடமும் விளையாட்டும். சுவிட்சைப் போட்டால் பில் அடிக்கும் நிலைக்கு வர 11 நிமிடம் ஆகும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு இது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை, சிட்டையில் எழுதிக் கொடுத்துவிடுவோம். இன்று உள்ளூர் பில்லையாவது பிறகு ஏற்றலாம், தடா, சூளூர்பேட்டைக்குப் போகும் லோடு அப்படியல்ல. மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால் இ-வே பில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. இது 2018 ஏப்ரல் முதல் உள்ள நடைமுறை.

ஒருநாள் இருபது வருட வாடிக்கையாளர் ஒருவர், "அண்ணாச்சி, நீங்க மெஷினைத் தட்டிக்கிட்டே இருங்க, நான் போற வழியில பொன்னேரியில வாங்கிக்கறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றுதான் உறைத்தது.

பழுது பார்ப்பவர் ஒருவர் "இது பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்றார். வாங்கியிருப்பேன். என் மருமகன்தான் தடுத்து, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். டாஸ்க் மேனேஜர் என்ற கட்டம் வந்தது. சிறியதாக வந்தால் 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்த வேண்டும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதியில் ஒரு பட்டியல்: விளையாட்டுகள், பாட்டுக் கேட்கும் புரோகிராம், வீடியோ பேச்சு, எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் உதவிப் புரோகிராம், இரண்டு ஆன்டிவைரஸ்! சுவிட்ச் போட்டதும் இத்தனையும் ஒன்றாக எழுந்து ஓடுகின்றன. கடைக் கதவைத் திறக்கும்போதே வாசலில் முப்பது மூட்டை கிடந்தால் ஆள் எப்படி உள்ளே வருவார்?

அந்தக் காலத்து டாஸ் கம்ப்யூட்டரில் எதெது முதலில் ஓட வேண்டும் என்பதை ஆட்டோஎக்ஸெக் என்ற ஒரே ஃபைலில் எழுதி வைத்திருப்பார்கள். சிட்டை போலப் படித்துப் பார்த்துவிடலாம். இப்போதோ ஒவ்வொரு புரோகிராமும் நம் வீட்டுக்குள் வரும்போதே தன் பெயரைத் தானே பட்டியலில் எழுதிக்கொள்கிறது. நாம் கேட்டதும் இல்லை, அது சொன்னதும் இல்லை.

ஒவ்வொன்றும் எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதை 'ஹை', 'மீடியம்', 'லோ' என்று அதிலேயே காட்டும். வேண்டாததன் மேல் வலது பொத்தானை அழுத்தி 'டிஸேபிள்' கொடுத்தால் போதும். புரோகிராம் அழிந்துவிடாது, நாம் கூப்பிடும்போது மட்டும் வரும்.

இங்கே என் அவசரபுத்தியையும் சொல்ல வேண்டும். மருமகன் ஊருக்குப் போனதும், இன்னும் வேகம் வரட்டும் என்று பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் நிறுத்தினேன். அதோடு விடாமல், கீழே 'சர்வீசஸ்' என்று இருந்த இடத்திலும் கை வைத்தேன். மறுநாள் கம்ப்யூட்டர் சீக்கிரமாகத்தான் எழுந்தது. ஆனால் பில்லிங் புரோகிராம் லைசென்ஸ் இல்லை என்றது. அரிசி லோடு ஏற்றிய லாரி வாசலில் நிற்க, டிரைவர் மூன்றாவது டீ குடித்தார். ஆகவே பெயர் புரியாததைத் தொடாதீர்கள். பில்லிங், பிரிண்டர் சம்பந்தப்பட்டவற்றை விட்டுவிடுங்கள். ஆன்டிவைரஸ் ஒன்று அவசியம் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று தடுக்கும், ஒன்றை முழுவதும் நீக்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டாக நிறுத்திப் பார்ப்பதே நல்லது.

இதனால் 11 நிமிடம் 6 ஆனது. மீதிக்குக் காரணம் ஹார்டு டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்ற, ஒரு முள் இங்கும் அங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற, சுற்றும் பாகமே இல்லாத டிஸ்க் போட்டேன். பழையதில் இருந்ததை அப்படியே அதில் பிரதி எடுத்துத் தருவார்கள். அதற்குமுன் கணக்குகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து உங்கள் பெட்டியில் பூட்டி வையுங்கள். புதுக் கம்ப்யூட்டர் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு. இப்போது ஒரு நிமிடத்துக்குள் பில் திரை வந்துவிடுகிறது.

இன்னொரு சங்கதி. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி உண்டு. அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் அடிப்படை நினைவைச் சேமித்து வைத்துக்கொண்டே உறங்குகிறது. கோளாறு ஏதும் ஒட்டிக்கொண்டிருந்தால் மறுநாளும் அதுவே எழும். வாரம் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள், முழுதாகப் புதிதாய்த் தொடங்கும்.

விண்டோஸ் 10 வைத்திருப்போர் கவனிக்க: அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. எஸ்.எஸ்.டி. வாங்குவதற்கு முன்பே உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற்காது என்றால், அதே கணக்கு வேறாகிவிடும்.

பேரப்பிள்ளைகளுக்குத் தனி லாகின் போட்டுக் கொடுத்துவிட்டேன். பொன்னேரிக்குப் போனவர் இன்னும் திரும்பி வரவில்லை. அவருடைய மைத்துனர் போன மாதம் முதல் வருகிறார்.