நிலமுடையவர் செய்த நிலச் சட்டம்

நிலமும் அதிகாரமும் ஒருவரிடமே சேருமாயின், சட்டம் யாருக்காக உழைக்கும்? அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க கேள்வி இது.

அமெரிக்காவில் ஜான் கால்ஹூன் என்பவர் அடிமைகளைக் கொண்டு தோட்டம் நடத்தினார். 1825 முதல் 1832 வரை அந்நாட்டின் உபஜனாதிபதியாகவும் இருந்தார். தமது தோட்டத்திற்கு ஆதாரமான அடிமை முறையை நன்மையானதென்றே அவர் செனட் சபையில் வாதாடினார். 1865-இல் அம்முறை ஒழிவதற்கு ஓர் உள்நாட்டுப் போரே வேண்டியதாயிற்று.

நமது தென்னார்க்காட்டுச் சீமை வேறொரு வழியைக் கண்டது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், நிலமுடைய விவசாயக் குடும்பத்தில் 1895-இல் பிறந்தவர் இராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சு மாதத்தில் அவர் சென்னை மாகாணத்தின் தலைமை மந்திரியானார்.

அக்காலத்து ஜமீன் குடியானவர் நிலையைச் சிறிது விளக்குவோம். 1802-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, ஜமீன்தார் சர்க்காருக்குச் செலுத்தும் தொகை மாறாதது. உழுபவர் ஜமீன்தாருக்குச் செலுத்தும் தீர்வையோ ஏறிக்கொண்டே போகக்கூடியது. ஓமந்தூரார் மந்திரிசபை 1947-இல் ஒரு சட்டத்தால் அத்தீர்வையை, பக்கத்து ரயத்துவாரி நிலங்களின் தீர்வையை ஒட்டிக் குறைக்க வழி செய்தது. 1948-இல் மற்றொரு சட்டம் ஜமீன்களையே சர்க்கார் வசமாக்கியது. ஜமீன்தார்களுக்கு நஷ்டஈடும், குடியானவர்களுக்குப் பட்டாவும் கிடைத்தன.

ஆயினும் குறை முற்றும் தீர்ந்துவிடவில்லை. ரயத்துவாரிப் பட்டாதாரரிடம் குத்தகைக்கு உழுதவரை அச்சட்டம் எட்டவில்லை. தஞ்சைப் பண்ணையாட்கள் பாதுகாப்புக்கு 1952 வரையிலும், நில உச்சவரம்புக்கு 1961 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது.

1949 ஏப்ரலில் பதவி துறந்த ஓமந்தூரார், பின்னாளில் நம் மந்தாரக்குப்பத்திற்கு அண்மையிலுள்ள வடலூரில் வள்ளலார் நெறிப்படி தொண்டாற்றி, 1970-இல் காலமானார்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத்தொகை எவ்வளவாயினும் அங்கத்தினருக்கு வாக்கு ஒன்றே. எனினும் பத்துத் தறி உடையவரும் பத்துக் காணி உடையவரும் நிர்வாகக் குழுவில் அமர்வது இயல்பு. அங்கு அமர்ந்தபின் ஒற்றைத் தறிக்காரருக்கு நூலும், அரைக்காணிக்காரருக்குக் கடனும் உரிய காலத்தில் கிடைக்கின்றனவா என்பதே அவர்களை அளக்கும் கோல். அக்கோலைக் கையில் எடுத்துப் பொதுக்குழுவிற்கு வருவது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.