சுமித்ரா உதைத்த பந்து

மகள் வந்து ரக்பி ஆடப் போகிறேன் என்றால், பெரம்பலூர்ப் பக்கத்து வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "அது என்ன விளையாட்டு?" கபடி தெரிந்த ஊருக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கடினமில்லை. ஏறி வருபவரை மடக்கிப் பிடித்துச் சாய்ப்பது இரண்டிலும் உண்டு. ரக்பியில் கூடுதலாக முட்டை வடிவத்தில் ஒரு பந்து இருக்கிறது.

பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். கையால் வீசினால் பக்கத்தில் அல்லது பின்னால் வரும் கூட்டாளிக்குத்தான் வீச வேண்டும். முன்பக்கம் வீசுவது தவறு. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது 'டிரை', 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் இன்னும் 2. எதிரணி தவறு செய்ததால் கிடைக்கும் பெனால்டியை உதைத்து அடித்தால் 3. பந்து வைத்திருப்பவரைத் தோளுக்குக் கீழேதான் பிடிக்கலாம். கழுத்தில் கை போட்டால் தண்டனை. பெற்றோர் பயப்படுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 15 பேர் 80 நிமிடம் ஆடுவது ஒரு வகை. 7 பேர் 14 நிமிடம் ஆடுவது இன்னொன்று. 2016 முதல் ஒலிம்பிக்கில் இருப்பது இந்த ஏழு பேர் ஆட்டம்.

பெனால்டிக்குக் கிடைக்கும் அந்த 3 புள்ளி இந்தியப் பெண்கள் ரக்பியில் ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றியது. 2019 ஜூன், மணிலா. 15 பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் அணி அதுவரை ஒரு சர்வதேசப் போட்டியிலும் வென்றதில்லை. சிங்கப்பூரோடு ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஒரு பெனால்டி கிடைத்தது. அதை உதைத்தவர் சுமித்ரா நாயக், வயது 19. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 21-19, முதல் வெற்றி.

சுமித்ரா ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் துபுரி என்ற ஊரில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே புவனேஸ்வரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்கா நிறுவனத்தின் இலவச உறைவிடப் பள்ளியில் சேர்ந்தார். ரக்பியைக் கற்றது அங்கேதான். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், மைதானம், பயிற்சியாளர் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைத்தன. அவருடைய கதையில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். திறமை உள்ள பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காலையில் ஓடிவிட்டு வந்தவளுக்குத் தட்டில் என்ன இருக்கிறது என்பதில்தான் பலருடைய ஆட்டம் நின்றுபோகிறது.

இன்னொரு ரக்பி வீராங்கனையான பீகாரின் ஸ்வீட்டி குமாரி வந்த வழி வேறு. பள்ளியில் ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்து ரக்பிக்கு மாறினார். ஓடுகிற கால் இருந்தால் பந்தைப் பின்னால் கற்றுக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலும் ஓர் உதாரணம் பார்க்கலாம். அயர்லாந்தில் பெய்வின் பார்சன்ஸ் 2018இல் தேசிய ரக்பி அணிக்காகக் களமிறங்கியபோது அவருக்கு 16 வயது, பள்ளி மாணவி. ரக்பி வேரூன்றிய நாடு அது. ஆனாலும் 15 பேர் ஆட்டத்துப் பெண்களுக்கு அங்கே சம்பள ஒப்பந்தம் வந்தது 2022இல்தான்.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது, விளையாட்டு மட்டும் வேறு. அரியலூர் கார்த்தி செல்வம் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆசியக் கோப்பை ஹாக்கி ஆட்டத்தில் இந்தியாவுக்காகக் கோல் அடித்தார். அவரை வளர்த்ததும் ஒரு விடுதிதான், கோவில்பட்டியில் உள்ள அரசு விளையாட்டு விடுதி.

பெரம்பலூரில் மாணவியருக்கான விளையாட்டு விடுதி இருக்கிறது. ஜெயங்கொண்டத்திலோ வேப்பந்தட்டையிலோ உங்கள் மகள் நன்றாக ஓடினால், கபடியில் பிடித்தால் விடாதவள் என்றால், மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குப் போய் விடுதித் தேர்வு எப்போது என்று கேளுங்கள். ரக்பிப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். நாலு பேர் வந்து கேட்டால்தான் அலுவலகத்திலும் அந்தப் பெயர் பழகும்.