‘பேர்மனன்ற்’: செங்கலடி வழக்கில் ஒரு சொல்லின் சமூகப் பொருள்

ஆங்கிலத்தில் நிலைபேற்றைக் குறிக்குந் தொடர்கள் பல உள. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு மட்டக்களப்பு வாவிக்கரைப் பேச்சில் இடமில்லை. ஊரைவிட்டு நீங்கியவனை ‘ஒரேயடியாகப் போயிட்டான்’ என்று சொல்லத் தமிழே போதுமானது. எனினும் ‘பேர்மனன்ற்’ என்னும் சொல் மட்டும் எழுத்தறியாதார் நாவிலும் வேரூன்றியுள்ளது. அச்சொல் காலத்தைக் குறிக்க வந்ததன்று; அரசுக்கும் மனிதனுக்குமுள்ள உறவினைக் குறிக்க வந்தது என்பதே எமது கருத்து.

பதுளை வீதி வந்து முடியும் செங்கலடிச் சந்தியில் ‘தம்பிக்குப் பேர்மனன்ற் ஆயிட்டா?’ என்று ஒருவர் வினவினால், எது ஆயிற்று என்று எவருங் கேட்பதில்லை. ஆங்கிலத்திற் பெயரடையாக நிற்கும் சொல் இங்குத் தானே பெயராகி, நான்காம் வேற்றுமையையும் ‘ஆகு’ என்னும் வினையையும் வேண்டி நிற்கின்றது. ஆக்குபவர் யார் என்பதை வாக்கியம் மறைத்துவிடுகின்றது. நியமனக் கடிதத்தில் ‘நிரந்தரமானதும் ஓய்வூதிய உரித்துடையதும்’ என வரும் தொடரையே அவ்வொரு சொல் சுருக்கித் தருகின்றது. சம்பளமின்றியோ சொற்பப் படிக்கோ ஆண்டுக்கணக்கிற் கற்பித்த தொண்டர் ஆசிரியர்களைக் கண்டோர்க்கு இச்சொல்லின் கனம் விளங்கும்.

காணியைப் பற்றிய பேச்சிலோ இச்சொல் வருவதேயில்லை. அங்கு ‘உறுதி’ என்னும் நல்ல தமிழ்ச்சொல்லே உரிமைப் பத்திரத்துக்குப் பெயராயிற்று. உறுதியில்லாதவனிடம் உள்ளது ‘பேர்மிற்’. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அதனைப் பெற்றவன், தலைமுறையாக வேளாண்மை செய்தாலும், அரசின் இசைவின்றி அக்காணியை விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதிக் கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு அழைக்கும் மரபுடைய பிரதேசம் இது. அச்சட்டத்தின் வாரிசு அட்டவணையோ மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வரை அவ்வாறே நீடித்தது. ஊரார் வழக்கிற் பெண்ணுக்குரியதாயிருந்த வளவு, அரச ஏட்டில் அவளுக்கு அவ்வாறிருக்கவில்லை. (‘உறுதி’ என்னும் சொல்லை அகராதிப் பொருளில் மட்டும் ஆராய்வோர் இதனையும் நோக்குதல் நன்று.)

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர், தற்காலிகக் கொட்டிலுக்கு எதிர்ப்பதமாகப் ‘பேர்மனன்ற் வீடு’ என்னும் தொடர் கரையோர முகாம்களிற் பரவியது. அதற்கு முன்னர் கல்வீடு, ஓலைவீடு என்னும் பாகுபாடே வழங்கிற்று: அது வீட்டின் பொருளைச் சுட்டியது, புதிய தொடரோ, தருபவர் பட்டியலில் ஒருவர் எவ்விடத்தில் உள்ளார் என்பதைச் சுட்டியது.

புலம்பெயர்ந்தோர் குடும்பங்களில் வழங்கும் ‘பீ.ஆர்.’ என்பதிலும் அதே சொல்தான் ஒளிந்துள்ளது. கனடாவில் மகனுக்குப் ‘பீ.ஆர்.’ கிடைத்தது என்று மகிழும் தாய், அவன் செங்கலடிக்குத் திரும்பி வாழமாட்டான் என்பதையும் அதே வாக்கியத்தில் அறிவிக்கின்றாள்.