மலை வீட்டில் கடல் மீன் தொட்டி: முதலில் நீர், பிறகு மீன்

பழனி மலைத் தொடரில் பூண்டு, கேரட், காப்பி, மலை வாழை பயிரிடும் குடும்பங்களில் சில, பயணிகள் தங்க அறை விடுவதையும் சாலையோரத்தில் பழக்கடை, காப்பிக் கடை நடத்துவதையும் துணைத் தொழிலாகக் கொண்டுள்ளன. வருவோரின் கண்ணைக் கவர ஒரு கடல் மீன் தொட்டி வைக்கலாமே என்ற எண்ணம் இத்தகைய இடங்களில் எழுவது இயல்பு. ஆரஞ்சு நிற உடலில் வெள்ளைப் பட்டை கொண்ட கோமாளி மீனைப் பார்த்தால் குழந்தைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

கடலிலிருந்து வெகுதூரத்தில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலிலும் கடல் மீனை வளர்க்க முடியும். ஆயினும் புதிதாகத் தொடங்குவோர் பலர், ஒரே நாளில் தொட்டி, உப்பு, மீன் மூன்றையும் வாங்கி வந்து, அன்றே மீனை விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்குள் மீன்கள் மடிகின்றன. நோய் வந்துவிட்டது என்று கருதி மருந்து ஊற்றுவதால் பயன் இல்லை. உழாத நிலத்தில் நாற்றை நட்டது போன்ற தவறு இது. பக்குவப்படாத நீரில் எந்தக் கடல் மீனும் நிலைக்காது.

பவளம் கடலிலேயே இருக்கட்டும்

வெளிநாட்டுப் படங்களில் காணும் தொட்டிகளில் உயிருள்ள பவளங்கள் நிறைந்திருக்கும். நம் நாட்டில் அதற்கு ஆசைப்படக் கூடாது. பவளப் பாறைகளை உருவாக்கும் பவள இனங்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. புலிக்கு அளிக்கப்படும் அதே பாதுகாப்பு இது. கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றுக்கும் இச்சட்டத்தின் காப்பு உண்டு. இறந்த பவளக் கல்லையும் கடற்கரையிலிருந்து எடுத்து வரலாகாது. கடைக்காரர் கொடுக்கிறார் என்பதற்காக வாங்கினாலும் குற்றம் குற்றமே.

சட்டத்துக்குப் பின்னால் தக்க காரணம் உள்ளது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக 1986ல் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளக் கற்களைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தது இதற்கு முக்கிய காரணமாகக் கூறப்படுகிறது. வரப்பை வெட்டினால் வயல் கரைவது போல, பவளத்தை வெட்டினால் தீவு கரைகிறது.

தொட்டியில் கல் வேண்டுமெனில் நன்கு கழுவிய கருங்கல், சுட்ட மண் ஓடு, பானைத் துண்டு ஆகியவற்றைக் குகை போல் அடுக்கலாம். மீன் ஒளிந்துகொள்ள இதுவே போதும். அடியில் பரப்பக் கடற்கரை மணல் வேண்டாம். கோழித் தீவனக் கடைகளில் விற்கும் கிளிஞ்சல் தூளைப் பலமுறை அலசிப் பயன்படுத்தலாம். அதிலுள்ள சுண்ணாம்பு, நீர் புளித்துப் போகாமல் காக்க உதவும்.

இடமும் தொட்டியும்

தொட்டி சிறியதாக இருந்தால் செலவு குறையும், வேலையும் எளிது என்று எண்ணுவது தவறு. நீர் குறையக் குறைய, அதன் வெப்பமும் உப்பும் விரைவாக மாறும். முதல் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருப்பது நல்லது. இதில் சுமார் 160 லிட்டர் நீர் நிற்கும். நீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து 200 கிலோவுக்கு மேல் எடை வரும். மலை வீடுகளின் பலகைத் தளம் இந்த எடையைத் தாங்காது. தரையோடு சேர்ந்த சிமெண்டுத் தளத்தில், சமமான உறுதியான மேடை கட்டி வைக்க வேண்டும். சன்னல் வெயில் படும் இடமும் அடுப்புப் புகை வரும் இடமும் ஏற்றவை அல்ல.

கடல் நீர் தயாரித்தல்

இயற்கைக் கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. இவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் சாப்பாட்டு உப்பு. எஞ்சியவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் முதலியன. ஆகவே தூத்துக்குடி உப்பு மூட்டையை வாங்கிக் கரைத்தால் அது உப்பு நீர் ஆகுமே தவிர, கடல் நீர் ஆகாது. யூரியா மட்டும் இட்டுப் பயிருக்கு எல்லாச் சத்தும் கொடுத்ததாக எண்ணுவது போன்றது அது. கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கப்படும் கலப்பு உப்பை வாங்க வேண்டும். 160 லிட்டருக்குச் சுமார் 6 கிலோ தேவைப்படும்.

பழனி மலை ஊற்று நீர் பெரும்பாலும் மென்னீர். கடல் நீர் கலக்க இது பொருத்தமானது. ஆனால் மேலே தோட்டங்களிலிருந்து வடிந்து வரும் ஓடை நீரையும், துத்தநாகத் தகரக் கூரையில் வழிந்த மழை நீரையும் தவிர்க்க வேண்டும். குழாய் நீராயின் குளோரின் போக ஒரு நாள் காற்றுச் செலுத்தி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் உப்பைக் கரைத்து, மேலும் ஒரு நாள் காற்றுப் பம்பு ஓடிய பின், ஹைட்ரோமீட்டர் என்னும் மிதவைக் கருவியால் அளக்க வேண்டும். அது 1.023 முதல் 1.025 வரை காட்டினால் நீர் சரியாக உள்ளது.

நீர் பக்குவப்படுதல்

இது விவசாயிகளுக்குப் புதிய பாடம் அன்று. நிலத்தில் இடும் யூரியா அம்மோனியாவாகி, பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் மாறுவதை அவர்கள் அறிவார்கள். தொட்டியிலும் அதுவே நடக்கிறது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. கடல் நீர் காரத்தன்மை உடையதால் அந்த அம்மோனியா அங்கு மேலும் கொடிய நஞ்சாகும். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் புதிய தொட்டியில் இருப்பதில்லை. அவை கல்லிலும் வடிகட்டியிலும் படிந்து பெருக நாளாகும்.

எனவே நீர் நிரப்பி, வடிகட்டியையும் ஹீட்டரையும் இயக்கி, மீன் இல்லாமலேயே இரண்டு நாளுக்கு ஒரு முறை சிட்டிகை மீன் தீனியைப் போட்டு வர வேண்டும். அது அழுகி அம்மோனியாவைத் தரும். கடைகளில் கிடைக்கும் சோதனைத் துளி மருந்தைக் கொண்டு வாரம் இருமுறை பார்த்தால் முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும், இறுதியில் இரண்டும் மறைந்து நைட்ரேட் மட்டும் நிற்கும். இதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். குளிரில் பாக்டீரியாக்கள் மந்தமாக வளர்வதால், ஹீட்டரை நிறுத்தி வைத்தால் இன்னும் தாமதமாகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று இரண்டு சோதனைகள் தொடர்ந்து காட்டிய பிறகே மீன் வாங்கப் புறப்பட வேண்டும்.

மலையின் குளிரும் காற்றும்

பவளப் பாறை மீன்களுக்கு 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். கொடைக்கானலில் குளிர்கால இரவுகளில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே செல்வதுண்டு. ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதிலாக 200 வாட் ஹீட்டர் இரண்டு வைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். இரண்டும் நாளுக்கு 10 மணி நேரம் எரிந்தால் 4 யூனிட், மாதத்துக்கு 120 யூனிட் மின்சாரம் செலவாகும். பம்பு செட்டுக்கான இலவச மின் இணைப்பை இதற்குப் பயன்படுத்துவது கூடாது. தொட்டியின் பின்புறமும் பக்கங்களிலும் தெர்மோகோல் பலகை ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டால் செலவு குறையும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களிலும், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் போன்ற அடிவாரத்து ஊர்களிலும் இந்தச் செலவு இன்னும் குறைவு.

மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதையும் மறக்கலாகாது. கடல் மட்டத்தில் 26 டிகிரி வெப்பமுள்ள கடல் நீர், லிட்டருக்குச் சுமார் ஆறரை மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். கொடைக்கானல் உயரத்தில் அது 5 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். ஆதலால் சமவெளியில் விடும் எண்ணிக்கையில் மீன்களை இங்கு விடக் கூடாது. நீரின் மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் இயங்குவதற்குப் பேட்டரி காற்றுப் பம்பு ஒன்றும், போர்த்துவதற்குக் கம்பளி ஒன்றும் தயாராக இருக்க வேண்டும்.

மீன் தேர்வும் பயணமும்

முதல் மீனாகச் சிறிய கோமாளி மீன்கள் இரண்டு போதும். இவற்றுக்குக் கடல் சாமந்தி கட்டாயம் வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. மண்பானைத் துண்டின் நிழலிலேயே இவை நலமாக வாழும். கோமாளி மீன்கள் அனைத்தும் தொடக்கத்தில் ஆணாகவே வளர்கின்றன. சேர்ந்து வாழும் இரண்டில் வலிமை மிக்கது பெண்ணாக மாறுகிறது. ஆகவே ஆண், பெண் பார்த்து வாங்க வேண்டியதில்லை.

கடலில் பிடித்த மீனைவிடப் பொரிப்பகத்தில் பிறந்த மீனே மேலானது. அது தொட்டி வாழ்வுக்கும் உலர் தீனிக்கும் பழகியது. கடலும் காக்கப்படுகிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகள் சிலவற்றில் சயனைடு நஞ்சைத் தெளித்து மீன் பிடித்ததால் பவளப் பாறைகள் அழிந்தன. அப்படிப் பிடித்த மீனும் நெடுநாள் வாழ்வதில்லை. 1947ல் தொடங்கப்பட்டு, 1971ல் தலைமையகம் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், பல கோமாளி மீன் இனங்களைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியுள்ளது. மண்டபத்தில் அதன் மண்டல மையம் இன்றும் இயங்குகிறது. கடையில் வாங்கினாலும் பொரிப்பக மீன் தானா என்று கேட்டு, தீனி எடுப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

மண்டபத்திலிருந்து கொடைக்கானல் 250 கிலோமீட்டருக்கு மேல். மீன் பையில் ஒரு பங்கு நீரும் இரு பங்கு ஆக்சிஜனும் இருக்க வேண்டும். பையை இறுக ஊதிக் கட்டக் கூடாது. மலை ஏறும்போது சிப்ஸ் பொட்டலம் உப்புவது போல, பையிலுள்ள வாயுவும் கொடைக்கானல் வந்து சேர்வதற்குள் சுமார் 30 சதம் விரியும். இறுகக் கட்டிய பை பிளந்துவிடலாம். பையைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துப் பகலில் கொண்டு வருவது நல்லது. வீடு சேர்ந்ததும் பையை 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றி, ஒரு மணி நேரம் பழக்கிய பின் மீனை மட்டும் தொட்டியில் விட வேண்டும்.

தோட்டத்து மருந்து தொட்டிக்கு எமன்

விவசாயி வீட்டுத் தொட்டிக்கு உள்ள தனி ஆபத்து இதுதான். சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். கொசுவர்த்திப் புகையும் நல்லதன்று. உருளைக்கிழங்குக்கும் காப்பிக்கும் தெளிக்கும் போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு ஆகியவற்றில் உள்ள தாமிரம் நத்தை, இறால் முதலியவற்றை அழித்துவிடும். மருந்து அடித்த கையோடும் உடையோடும் தொட்டியைத் தொடக் கூடாது. மருந்து கலக்கிய வாளியை என்ன கழுவினாலும் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. தொட்டிக்கென ஒரு வாளியையும் ஒரு குழாயையும் நிறம் குறித்துத் தனியே வைப்பது நலம்.

அன்றாடக் கவனிப்பு

நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போட வேண்டும். மிஞ்சும் தீனி அளவுக்கு மீறிய உரம் போன்றது. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீர் மட்டுமே ஊற்ற வேண்டும். நீர் போனாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது என்பதே காரணம். வாரம் ஒரு முறை 16 லிட்டர் நீரை எடுத்துவிட்டு, அதே வெப்பமும் உப்பும் உள்ள புதிய கடல் நீரைச் சேர்க்க வேண்டும். முதல் மாதங்களில் கண்ணாடியில் பழுப்பு நிறப் பாசி படிந்தால் கலங்க வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் பாசி மேயும் சிறு நத்தைகள் சில விட்டால் போதும்.

வரவு செலவு

முதல் தொட்டி வருமானம் தராது. அது வைப்பவருக்குப் பாடமும் வருவோருக்குக் காட்சியும் ஆகும். கோமாளி மீன் தொட்டியிலேயே முட்டையிட்டாலும், குஞ்சுகளுக்கு நுண்ணிய உயிர்த் தீனி தயாரித்துக் கொடுக்கப் பயிற்சி வேண்டும். குஞ்சு கொடுக்கிறோம், வளர்த்துத் தந்தால் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று முன்பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. இதே சொல்லை நம்பி ஈமு கோழியில் பணம் போட்ட கொங்குப் பகுதிக் குடும்பங்கள் 2012ல் பட்ட பாடு மறக்கத் தக்கதன்று. கடன் வாங்கித் தொடங்கும் தொழில் இதுவல்ல. மின்சாரமும் உப்பும் மாதந்தோறும் தாங்காது என்று தோன்றினால், நன்னீர் அழகு மீன் தொட்டியே போதுமானது. மேலே செல்ல விரும்புவோர், மீன்வளத் துறை அலுவலகத்திலோ மண்டபம் மையத்திலோ பயிற்சி பற்றி விசாரித்துக்கொள்ளலாம்.

தொட்டி வைத்த நாளிலிருந்து ஆறு வாரம் வெறும் நீரைப் பார்த்துக்கொண்டிருப்பது சிலருக்குக் கடினமாகத் தோன்றும். பூண்டு நட்டுப் பல மாதம் காத்திருந்து அறுவடை செய்யும் மலை விவசாயிக்கு அந்தப் பொறுமை புதிதன்று. அதே பொறுமையைத் தொட்டியிடமும் காட்டினால், கோமாளி மீன்கள் மலை வீட்டிலும் பல ஆண்டுகள் நலமாக நீந்தும்.